கிழவர் மலைக்கு இருவர்

ரொறன்ரோவில் மலை இல்லை. மண்ணைக் குவித்து மேலே புல் போட்டு, பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாட விட்ட மேடுகளைத்தான் நாங்கள் மலை என்று சொல்லிக்கொள்கிறோம். முப்பது வருடம் இந்த ஊரில் பஸ் ஓட்டிய என் கணவர், ஐஸ் படிந்த ஏற்றங்களில் பஸ்ஸை ஏற்றியதைத் தவிர வேறு உயரம் எதற்கும் ஏறியவர் அல்ல. அப்படிப்பட்ட மனிதர் அறுபது தாண்டிய பிறகு யப்பானிய மலை ஒன்றில் மனதைப் பறிகொடுத்தார். நெஞ்சு வலித்து, ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாயில் இரண்டு ஸ்ரென்ற் வைத்து, வீட்டுக்கு அனுப்பிய பிறகு நடந்தது இது.

டொக்டர் தெளிவாகத்தான் சொன்னார். நடக்கலாம், படி ஏறலாம், பயம் வேண்டாம் என்றார். இவர் நடையையும் படியையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, பயத்தை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஸ்காபரோவில் ரூஜ் காட்டுப் பக்கம் எங்கள் வீடு. தெரு முனையில் தபால்பெட்டி. அங்கே போய் வரக்கூட நான் பக்கத்தில் வேண்டும். குளிக்கப் போனால் கதவைப் பூட்ட மாட்டார், உள்ளே விழுந்துவிட்டால் யார் திறப்பது என்பார். நான் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கப் போனால் கூடவே வந்து நிற்பார், எனக்கு உதவி செய்வதற்கு அல்ல. நான் ஒரு பல் டொக்டரின் ஒபீசில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். அங்கே இருக்கும்போது போன் வரும். 'ஒண்டுமில்லை, சும்மாதான்' என்பார். அந்தச் சும்மா ஒரு நாளைக்கு எத்தனை தரம் வந்தது என்று எனக்கும் அந்தப் பல் டொக்டருக்கும்தான் தெரியும்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மனிதர் பழையபடி தானாகக் கதவைத் திறந்துகொண்டு தனியாக வெளியே போக வேண்டும். தன் நெஞ்சை நம்ப வேண்டும். அதற்காக நான் என்னவும் செய்யத் தயாராக இருந்தேன், ஆனால் மலை ஏறுவது அந்தக் கணக்கில் இருக்கவில்லை.

செற்றியில் இருந்தபடியே ரிவியில் வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினார். முதலில் ரயில், பிறகு சமையல், எப்படியோ தட்டுத்தடுமாறி ஒரு யப்பானிய முதியவரிடம் வந்து சேர்ந்தார். அந்த முதியவர் நெஞ்சில் கமராவைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார். பேச்சில்லை, பாட்டில்லை. முகம்கூடத் தெரியாது. பாதையும், சப்பாத்துச் சத்தமும், மூச்சுச் சத்தமும் மட்டும். இப்படி மணிக்கணக்கில் போகும். அடுப்படியில் நிற்கிற எனக்கு, முன்னறையில் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்டால் எப்படி இருக்கும்? முதல் நாள் கரண்டியோடு ஓடிவந்து பார்த்தேன். இவர் நன்றாகத்தான் இருந்தார்.

"உந்த மனிசன் மூச்சு வாங்குறதையே பாத்துக்கொண்டிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"கவனியும். மூச்சு வாங்குது, நிக்கிறார். ஆறுது, பிறகு நடக்கிறார். அவ்வளவுதான்" என்றார்.

அதில் என்ன அதிசயம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மூச்சு வாங்கினால் அது முடிவு அல்ல என்று இவர் ஆறுதலாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மலையின் பெயர் ஜீகதாகே. கிழவர் மலை என்று பொருளாம். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்திருந்தேன். சாப்பிடாமல் தட்டையான கோப்பையில் குழல்புட்டை நீளமாகப் படுக்கவைத்துப் பூகோளம் சொல்லித்தரத் தொடங்கினார். யப்பானின் நடுவில் வடக்குத் தெற்காகப் படுத்திருக்கிறது வடக்கு ஆல்ப்ஸ். அதன் கிழக்கு ஓரத்தில், ஓமாச்சி என்கிற ஊருக்கு மேலே, இந்தக் கிழவர். தெற்கு, நடு, வடக்கு என்று மூன்று தலை. நடுத்தலைதான் உயரம், இரண்டாயிரத்து அறுநூற்றெழுபது மீற்றர். வடக்கே இரட்டைக் கொம்போடு நிற்பது காஷிமா-யாரி, அதற்குக் கத்தரிக்காய்க் காம்பு இரண்டைக் குத்தினார். மேற்கே சொதியை ஊற்றினார். அது குரோபே ஏரி. ஏரிக்கு அப்பால் தாத்தேயாமாவும் சுருகியும், அவற்றுக்குச் சம்பல்.

"சைபீரியாவில இருந்து வாற காத்து கடல்ல ஈரத்தைக் குடிச்சிட்டு வந்து இஞ்சதான் கொட்டுது. மேற்குக் காத்து பனியைத் தள்ளிக் கிழக்குப் பக்கம் குவிக்கும். அந்தப் பனி அரிச்சு அரிச்சு, கிழக்குப் பக்கம் செங்குத்து, மேற்குப் பக்கம் சரிவு" என்று சொல்லிக்கொண்டே புட்டின் ஒரு பக்கத்தைக் கிள்ளி வாயில் போட்டார்.

வசந்தத்தில் பனி உருகும்போது, மலையின் முகத்தில் கறுப்பாக ஒரு கிழவர் உருவம் வெளிப்படுமாம். குனிந்து விதை விதைக்கிற கிழவர். கீழே வயல் வைத்திருப்பவர்கள் அவரைப் பார்த்துத்தான் விதைப்பு நாள் குறித்தார்களாம். இதைச் சொல்லும்போது இவர் குரலில் ஒரு பணிவு இருந்தது. கலியாண நாளை மறந்த மனிதர், எங்கோ ஒரு மலையின் விதைப்பு நாளை நினைவு வைத்திருக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"ஏறிப் பாப்பமோ?" என்று நான்தான் கேட்டேன். வாய் சும்மா இருக்காத வியாதி எனக்கு. இல்லை, ஏலாது என்று சொல்லுவார் என்று நினைத்தேன். கோப்பையில் சாய்ந்திருந்த கத்தரிக்காய்க் காம்பை நிமிர்த்திக் குத்தினார். பிறகு, "பழக வேணும்" என்றார்.

எங்கே பழகுவது? ரூஜ் காட்டுப் பாதைகளில் நடந்தோம். அது போதாது, படி வேண்டும் என்றார். அப்போது டோர்செட் பார்க் நினைவுக்கு வந்தது. கனடா வந்த புதிதில் அங்கே ஒரு மாடிக்கட்டடத்தில் பன்னிரண்டாம் மாடியில் இருந்தோம். எங்களோடு இருந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் அங்கேதான். ஒரு சனிக்கிழமை, பழைய சிநேகிதியிடம் சொல்லி உள்ளே போய், படிக்கட்டுக் கதவைத் திறந்து ஏறத் தொடங்கினோம்.

எங்கள் ஆட்கள் இருக்கிற கட்டடத்தில் மலையேற்றம் பழகலாம் என்று நினைத்தது எங்கள் பிழை. நாலாம் மாடியில் குப்பை போட வந்த ஓர் அன்ரி கண்டுவிட்டார்.

"என்ன அண்ணை, எலிவேற்றர் பழுதோ?"

இல்லை, சும்மா ஏறுகிறோம் என்றோம். எங்கள் சனத்தில் யாரும் படியில் சும்மா ஏறுவதில்லை. எலிவேற்றர் பழுது என்கிற செய்தி எங்களுக்கு முன்னால் மேலே போய்விட்டது. ஏழாம் மாடியில் ஒரு வீட்டில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்கள். தேத்தண்ணி, ரோல்ஸ். நெஞ்சுக் கோளாறு உள்ள மனிதரைப் படியில் ஏற்றிய எனக்கு விசரோ என்று விசாரணை. ஒன்பதாம் மாடியில் இன்னொரு தேத்தண்ணி, கேக். வேண்டாம் என்றால் கீழ்வீட்டில் குடித்ததைச் சொல்லிக் கோபித்துக்கொள்வார்கள். பன்னிரண்டாம் மாடிக்குப் போய்ச் சேரும்போது இவர் ஏறிய களைப்பைவிடத் தின்ற களைப்பில் இருந்தார். கட்டடத்து மனேச்சருக்கு யாரோ முறைப்பாடும் செய்துவிட்டார்கள். அவர் வந்து ஒழுங்காக ஓடுகிற எலிவேற்றரைத் திறந்து திறந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு, சனம் கோயிலுக்கும் சேர்ச்சுக்கும் போகிற ஞாயிறு காலையாகப் பார்த்துக் கள்ளர் மாதிரி ஏறினோம். முதலில் மூன்று மாடிக்கு ஒரு தரம் நின்றார். பனிக்காலம் முடியும்போது, நான்தான் இடையில் நிற்கச் சொன்னேன். படிக்கட்டில் அந்த வீடியோ முதியவரின் மூச்சை இவர் நெஞ்சில் கேட்டேன். வாங்குது, நிற்கிறார், ஆறுது, நடக்கிறார்.

மார்க்கம் நகரில் இருக்கிற எங்கள் மகள்தான் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா, திஸ் இஸ் இன்சேன். அப்பா மெயில் எடுக்கவே தனியப் போறேல்லை, யூ வோன்ற் ஹிம் ஒன் எ மவுன்ரன்?" என்றாள். அவள் கேட்டதில் பிழையில்லை. அப்பாவின் டொக்டரிடம் நேரே போய்க் கேட்டாள். படியில் பழகியது போதும், போகலாம், நெஞ்சு வலித்தால் நாக்குக்குக் கீழே அடிக்கிற ஸ்ப்ரே மட்டும் எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அதன் பிறகு ரிக்கற், தங்குமிடம், பஸ் எல்லாவற்றையும் அவளே போட்டுத் தந்தாள். விமான நிலையத்தில் என்னை மட்டும் தனியே இழுத்து, "ஸ்ப்ரேயை மறக்காதேங்கோ அம்மா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

ஓகஸ்ட் தொடக்கத்தில் போனோம். பாதை ஓகிசாவா என்கிற இடத்துக்குக் கிட்டத் தொடங்குகிறது. தொடங்கிய உடனேயே செங்குத்து. மரங்களுக்கு நடுவே கல்லை அடுக்கி அடுக்கிப் படி கட்டியிருக்கிறார்கள். ஒரு கல்கூட ஆடவில்லை. இவர் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு திருப்பமும் இவருக்கு மனப்பாடம். "இனிக் குந்தியிருக்க ஒரு வாங்கு வரும், அதில இருந்து பாத்தா ஊர் தெரியும்" என்பார், வாங்கு வரும், ஊர் தெரியும். "இனிக் கொஞ்சம் சமதரை" என்பார், சமதரை வரும். வீடியோ முதியவர் மூச்சு வாங்க நின்ற இடங்களில் இவரும் நின்றார், மூச்சு வாங்காவிட்டாலும்.

இறங்கி வருகிறவர்கள் ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரத்தில் நிற்கிறார்கள். அது அங்கே வழக்கம். கடந்துபோகும்போது எல்லோரும் 'கொன்னிச்சிவா' என்று வணக்கம் சொல்கிறார்கள். இவருக்கு அது நிரம்பப் பிடித்துப்போனது. "ஸ்காபரோவில இப்பிடி ஒருத்தன் எனக்கு வழி விட்டிருந்தா இந்த நெஞ்சு பழுதாகியிருக்காது" என்றார்.

மேலே போகப் போக மரங்கள் உயரம் குறைந்து கட்டையாகின. ஓர் இடத்தில் கற்சரிவு. மேலேயிருந்து கல் உருளும், நிற்காமல் கடந்து போங்கள் என்று பலகை. அந்த இடத்தில்தான் என் வலது முழங்கால் ஏதோ ஒரு கல்லில் தப்பாகத் திரும்பியது. நிற்கக் கூடாத இடத்தில் எங்கே நின்று பார்ப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தேன். இவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அங்கேயே திரும்புவார்.

மதியம் தாண்டி, மலை ஏறுகிறவர்கள் தங்குகிற மலைவீட்டை அடைந்தோம். பக்கத்தில் ஒரு சின்னக் குளம். மலைவீட்டில் பீட்சா விற்கிறார்கள். இவ்வளவு உயரத்துக்கு வந்து இவருக்குச் சீஸ் வேண்டாம் என்று நான் காவல் இருக்க வேண்டியிருந்தது. உச்சி அடுத்த நாள் காலை, இருவரும் சேர்ந்து என்பது திட்டம்.

காலையில் முழங்கால் வீங்கி, மடங்க மாட்டேன் என்றது. வெளியே வாங்கில் வந்து இருந்தோம். கீழே ஊரை முகில் மூடியிருந்தது. எதிரே மலைமுதுகு முழுவதும் வெயிலில் தெரிந்தது. தரையோடு படர்ந்த பைன் செடிகளுக்கு நடுவே பாதை வெள்ளைக் கோடாக ஏறித் தெற்குத் தலைக்குப் போனது. ஒரு மணி நேர நடை. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போங்கோவன்" என்றேன்.

"நீர் இல்லாமலோ?"

"உங்கட வீடியோக்காரர் ஆரைக் கூட்டிக்கொண்டு போனவர்?"

கனநேரம் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். பிறகு எழுந்து, என் தோளை ஒருமுறை தொட்டு, "அப்ப போட்டு வாறன்" என்றார். நடந்தார்.

இரண்டு வருடம் காத்திருந்த சொல். சந்தோஷத்தில் வழிந்த மூக்கைத் துடைக்க என் பையில் துணி தேடினேன். விரலில் ஸ்ப்ரே தட்டுப்பட்டது.

இவர் அப்போது பைன் செடிகள் தொடங்குகிற இடத்தில் இருந்தார். ஒரு சத்தம் போட்டால் கேட்டிருக்கும். ஆனால் எங்களில் வெளிக்கிட்டுப் போகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. போகிற காரியத்துக்குக் கூடாது. இவர் வேலைக்குப் போன காலத்தில், சாப்பாட்டை மறந்து வாசல் தாண்டிவிட்டால் நான் கூப்பிட்டதில்லை. ஒருமுறை சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், இவர் பஸ் வருகிற தரிப்பிடத்தில் சனத்தோடு சனமாக நின்று ஏறிக் கொடுத்தேன். பஸ் காசைப் போடும் என்றார். நான் படிக்காதவள் அல்ல, நாள் முழுக்க டொக்டரோடு வேலை செய்கிறவள். இருந்தும் அன்றைக்கு, அந்த மலையில், இந்த மனிதர் முதன்முதலாகத் தனியாகக் காலெடுத்து வைக்கிற நேரத்தில் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஏறும்போது ஊன்றி வந்த பொல்லுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

முழங்காலை மடக்காமல் நடக்கலாம் என்று கண்டுபிடித்தேன், பார்க்கத்தான் நன்றாக இருக்காது. இடதுபக்கம் சரிவு, வலதுபக்கம் பள்ளம். இவர் புட்டில் கிள்ளிக் காட்டிய அதே கிழக்குப் பக்கம். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. இவர் முதுகை மட்டும் பார்த்தேன். இவர் நின்றால் நின்றேன், நடந்தால் நடந்தேன். ஒருமுறைகூட இவர் திரும்பவில்லை. எட்டிப் பிடிக்கலாம் என்றால், வலிக்கிற காலுக்கும் வலித்த நெஞ்சுக்கும் நடுவே உள்ள தூரம் குறையவே இல்லை.

ஒரு வளைவில் இவரைக் காணவில்லை. நான் அவசரப்பட்டு வளைவைத் திரும்பினால், பாதை நடுவில் இவர் குந்தியிருக்கிறார். தலை குனிந்திருக்கிறது. எனக்கு உயிர் போய்விட்டது. ஓடினேன் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தக் காலால் என்ன முடியுமோ அதைச் செய்தேன்.

கிட்டப் போனதும் இவர் தலையைத் திருப்பாமலே கையை உயர்த்தி என்னைப் பொறுக்கச் சொன்னார். பாதையின் குறுக்கே ஒரு பறவை போய்க்கொண்டிருந்தது. கோழி அளவு, கல்லின் நிறம். பின்னால் குஞ்சுகள். மனிதரைப் பற்றிய கவலை எதுவும் அதற்கு இருக்கவில்லை. ஸ்காபரோவில் வாத்துகள் றோட்டைக் கடக்கும்போது பஸ்ஸை நிறுத்தி வைத்திருப்பாரே, அதே பொறுமையோடு கடைசிக் குஞ்சு கடக்கும்வரை குந்தியிருந்தார். நான் அப்படியே பாதையில் இருந்துவிட்டேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

"இதை விட்டிட்டு வந்திட்டியள்" என்று ஸ்ப்ரேயை நீட்டினேன்.

"இந்தக் காலோடையோ வந்தனீர்? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே."

"வெளிக்கிட்டுப் போற ஆளைப் பின்னால கூப்பிடுறதோ?"

என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் இருந்து நான் கேட்காத சிரிப்பு. சிரித்து முடித்து, "நீர் வாறது தெரியும். பொல்லுச் சத்தம் கேட்டது" என்றார்.

"பிறகேன் நிக்கேல்லை?"

"நிண்டிருந்தா நான் திரும்பி வந்திருப்பன்" என்றார்.

ஸ்ப்ரேயை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். என்னை ஒரு கல்லில் இருத்தி, காலை நீட்டவைத்து, தன் ஜக்கெற்றைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்தார். தெற்குத் தலை நேரே மேலே தெரிந்தது. சரளைக் கல் ஏற்றம், உச்சியில் ஒரு கம்பம்.

"இதில இரும். நான் தொட்டிட்டு வாறன்."

நானும் வருகிறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. இங்கேயே போதும், இருவரும் திரும்புவோம் என்று சொல்லவும் வந்தது. சொல்லியிருந்தால் நிச்சயமாக நின்றிருப்பார். நான் சொன்னால் நிற்கிற ஆள். அதனால்தான் "ஓம்" என்றேன். நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் ஓம் சொன்னதில்லை.

ஏறினார். நின்றார். நான் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டேன். மறுபடி ஏறினார். ஒரு தரம் கன நேரம் நின்றார், கை சட்டைப் பைக்குப் போனது. என் நெஞ்சும் அங்கேயே நின்றது. பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு ஏறினார். மேலிருந்து இறங்கி வந்த இரண்டு பேர் ஓரத்தில் ஒதுங்கி, இவருக்கு வழிவிட்டு நின்றார்கள். குனிந்து ஏதோ சொன்னார்கள். இவரும் குனிந்தார். பிறகு கம்பத்தைத் தொட்டார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டி, வடக்கே இரட்டைக் கொம்பைப் பார்த்தபடி நின்றார். தனியாக நின்றார்.

போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிக் கூப்பிட்டால் குற்றமில்லை.

எங்கள் பெண்கள் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'இஞ்சருங்கோ' என்பதுதான் பெயர். ஸ்காபரோவில் தமிழ்க் கடைக்குள் நின்று அப்படிக் கூப்பிட்டால் நாலு ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள், நாங்களும் வெட்கப்பட்டுக்கொண்டு எங்களுடையதைப் பொறுக்கி எடுப்போம். நான் கல்லில் இருந்தபடியே, வயிற்றில் இருந்து, என்னால் முடிந்த அளவு சத்தமாக "இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டேன். இறங்கி வந்துகொண்டிருந்த இருவரும் திடுக்கிட்டு நின்றார்கள். அந்த மலையில் அந்தச் சொல்லுக்குத் திரும்பக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார்.

அவர் திரும்பினார்.